அறுவடைக் கோப்பை

மெர்லினா ஃபோர்டுயின் க்ரீம் விற்கிறவள் என்றுதான் மேட்டுக் குடிசைகளில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். பளபளப்பான படப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே ஏறி வருவாள். கதவைத் தட்டி, "முகத்துக்குப் புதுசா ஒண்ணு வந்திருக்கு, பார்க்கறியா?" என்பாள். உள்ளே போனதும் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று குரலைத் தாழ்த்துவாள். யாராவது எட்டிப் பார்த்தால் அவள் விரல் உதட்டுச் சாயத்தின் மேல் இருக்கும்.

அவளுடைய உண்மையான வேலை வேறு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்கள் குடியைக் குறைக்க, குறைத்தவர்கள் நிறுத்த, நிறுத்தியவர்கள் அப்படியே இருக்க, வாராவாரம் வீடு தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கிளினிக்கை ஒட்டி நடந்த ஒரு திட்டத்தில் அதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம். சேர்ந்த புதிதில் நீல மேலங்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் வெள்ளை நூலால் வயிறு பெருத்த ஒருத்தியின் உருவம் தைத்திருக்கும். மெர்லினா அதைப் போட்டுக்கொண்டு ஓர் அறுவடைப் பருவம் முழுக்க மேட்டில் ஏறி இறங்கினாள். ஒரு கதவும் திறக்கவில்லை.

நீல மேலங்கி ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள் என்று அர்த்தம். செய்தி அன்றைக்கே திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்விடும். மேஸ்திரிகள் யாரையும் அதற்காக வேலையை விட்டு நிறுத்துவதில்லை, அது சட்டப்படி தப்பு. ஆனால் அடுத்த வேலைக்கு ஆள் ஏற்றும் காலையில், லாரி நிரம்பிவிட்டது என்று அவளை மட்டும் கீழே நிற்க வைப்பார்கள். அறுவடை போனால் கவாத்து, கவாத்து போனால் கொடி கட்டுதல். ஒன்றில் விட்டவளுக்கு அடுத்ததிலும் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் பெண்கள் தளர்ந்த சட்டை போட்டு, வயிற்றைத் துணியால் இறுக்கி, ஐந்து மாதம் ஆறு மாதம் வரை மறைப்பார்கள். பிள்ளைக்கு அதிகம் கெடுதல் வரக்கூடிய மாதங்களும் அவையேதான்.

மெர்லினா மேலங்கியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த தெருவில் க்ரீம் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியிடமிருந்து படப் புத்தகத்தை வாங்கினாள். அதன் பிறகு கதவுகள் திறந்தன. புத்தகத்துக்காகக் கொஞ்சம் விற்கவும் வேண்டியிருந்தது.

"மெர்லி ஆன்ட்டி, போன மாசம் குடுத்தீங்களே, சுருக்கம் போகும்னு. எம் மூஞ்சியே போயிடுச்சு," என்று ஒருத்தி வழிமறித்துக் கத்துவாள்.

"நான் என்னடி பண்ணட்டும், டப்பாவுல இருந்த பொம்பளைக்கு உன் வயசு இல்லையே," என்று மெர்லினா நடந்துகொண்டே பதில் சொல்வாள்.

அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவள் அவள். அவளுடைய அம்மா வேலை செய்த காலத்தில் கூலியின் ஒரு பங்கு மதுவாகவே வந்தது. விடியும்போது ஒரு தகரக் குவளை, பதினோரு மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு, சாயங்காலத்துக்கு என்று தோட்டமே ஊற்றிக் கொடுக்கும். மாசமாக இருந்தவளுக்கும் அதே குவளைதான். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை. அப்படி ஒரு வருஷத்தில் பிறந்தவன் தம்பி ஈவன். இப்போது முப்பத்து மூன்று வயது. நல்லவன், ஊருக்கே சிரித்த முகம். காலையில் சொன்னது மத்தியானம் அவனிடம் இருக்காது. தோட்டத்துப் பையன்கள் அவனிடம், "ஈவன், கடைக்குப் போய் ரெண்டு கிலோ நிழல் வாங்கிட்டு வா," என்பார்கள். ஈவன் போவான். கடைக்காரர், "காலையிலயே தீர்ந்துடுச்சுப்பா," என்று அனுப்பிவிடுவார். அவனும் திரும்பி வந்து அதையே சொல்வான். மெர்லினா ஒருமுறை அந்தக் கடைக்குப் போய் நின்று பார்த்தாள். வந்த வழியே திரும்பி வந்துவிட்டாள். குறை சொல்வதற்கு அங்கே கெட்டவன் என்று யாரும் இல்லை.

பழக் கொட்டகையில் பதினைந்து வருஷம் திராட்சை அடுக்கிய பிறகு இந்த வேலைக்கு வந்தாள். பயிற்சியில் முக்கியமாகச் சொல்லிக் கொடுத்தது, திட்டக் கூடாது. கேட்க வேண்டும். எதிரில் இருக்கும் பெண் சொல்வதை அவளுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவளாக ஒரு முடிவு எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவள் பெயரை அவள் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது, அவள் புருஷனிடமும்கூட. மெர்லினாவுக்கு இந்தக் கடைசி விதி பயிற்சிக்கு முன்பே தெரியும். ஒருத்தியின் பேச்சு ஒருமுறை வெளியே போனால் மேட்டில் உள்ள அத்தனை கதவும் அதோடு மூடும்.

வெர்னெட்டா பூய்சன் அவளைத் தேடி வந்தது ஜனவரியில், அறுவடை ஆரம்பித்த வாரம். கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வயது, நெடுநெடுவென்று உயரம். கையில் கத்தரி பிடித்தால் மற்றவர்கள் ஒரு குலை வெட்டுவதற்குள் மூன்று வெட்டுவாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒரு க்ரீம் வேணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா, நீங்கதான் சொல்லணும்." அக்கம்பக்கம் பார்த்தாள். "போன மாசம் வரல. அதுக்கு முந்தின மாசமும் வரல."

மறுநாள் மெர்லினா அவள் வீட்டுக்குப் போனாள். வெர்னெட்டாவுக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருந்தாள். நன்றாகப் படிக்கிறவள், துடிப்பானவள். அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் குடித்ததாக வெர்னெட்டாவே சொன்னாள். "என் பொண்ணுக்கு என்ன குறைச்சல், சொல்லுங்க. நீங்க உங்க தம்பியப் பார்த்துட்டு ஊரையே பயமுறுத்தறீங்க."

"இருக்கலாம்," என்றாள் மெர்லினா. "ஒருத்திக்கு ஒண்ணும் ஆகாது, இன்னொருத்திக்கு ஆகும். எவளுக்குன்னு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சா, மத்தவங்களை நான் ஏன் தொந்தரவு பண்றேன்?"

"ரெண்டு குவளைக்கு மேல நான் குடிக்கறதே இல்ல."

மெர்லினா அந்த வீட்டு எனாமல் குவளையை எடுத்தாள். மது விடுதியில் ஒருவருக்கு ஊற்றிக் கொடுக்கும் அளவுள்ள சின்னக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, அதில் தண்ணீரை நிரப்பிக் குவளையில் ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது ஊற்றியும் குவளை விளிம்பைத் தொடவில்லை. வெர்னெட்டா குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ரெண்டு பேர் இல்ல, எட்டுப் பேரு," என்றாள் கடைசியில். சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

நிறுத்துகிறேன் என்று அவளாகத்தான் சொன்னாள். ஒரே நிபந்தனை, யாருக்கும் தெரியக் கூடாது. ஹெண்ட்ரிகோவுக்கும். ஹெண்ட்ரிகோ அவளோடு வாழ்கிறவன், டிராக்டர் ஓட்டுகிறவன். கை நீட்டாதவன், வாய்தான் மூடாது. "அவன்கிட்ட சொன்னா திங்கக்கிழமை தோட்டத்துல நாய்கூட எனக்கு வாழ்த்துச் சொல்லும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஐந்து லிட்டர் மலிவு மது அடைத்த வெள்ளித்தாள் பையைச் சுற்றி அக்கம்பக்கத்தார் வட்டமாக உட்காருவார்கள். கனலில் கோழிக் கழுத்துகள் வேகும். குவளை சுற்றி வராது, அவரவர் குவளை அவரவர் கையில். அதுதான் வசதியாகப் போயிற்று. வெர்னெட்டா சிவப்புத் தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து ஆற்றித் தன் குவளையில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இருட்டும் நேரத்தில் அதற்கும் மதுவுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. யாராவது சிரித்தால் அவளும் சிரித்தாள், பாட்டு வந்தால் பாடினாள். முதல் வாரம் கை நடுங்கிற்று. இரண்டாம் வாரம் தூக்கம் வரவில்லை. பிப்ரவரி முடியும்போது, "ஆன்ட்டி, இவங்க எல்லாம் இவ்வளவு அறுவையாவா பேசிட்டு இருந்தாங்க இத்தனை வருஷமா?" என்று கேட்டாள். மெர்லினா அன்று மேட்டிலிருந்து இறங்கும்போது தனக்குத்தானே பாடிக்கொண்டு இறங்கினாள். இந்த வேலையில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் வருவதில்லை.

வெர்னெட்டாவும் ஈவனும் வேலை செய்த ஸ்வால்ருஸ்ட் தோட்டத்தில் அறுவடை முடியும் நாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பெட்டிப் பழத்துக்குக் கொடி சுற்றி டிராக்டரில் ஏற்றி வருவார்கள். அந்தப் பருவத்தில் அதிகம் பறித்தவரைப் பெட்டிமேல் உட்கார வைப்பார்கள். முதலாளி இரண்டு காது வைத்த வெள்ளீயக் கோப்பையில் போன வருஷத்து மதுவைத் தன் கையால் ஊற்றிக் கொடுப்பார். அதை ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைப் பழத்தின்மேல் கவிழ்க்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் அடுத்த வருஷம் மழையில் பழம் அழுகும் என்பார்கள். கூட்டம் குனிந்து நின்று அந்தச் சொட்டைத் தேடும்.

கொட்டகைச் சுவரில் பலகை தொங்கியது. ஒவ்வொருத்தர் பெயருக்கும் நேரே பெட்டிக்கு ஒரு சாக்கட்டிக் கோடு. மார்ச் இரண்டாம் வாரம், ஈவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன மெர்லினா அந்தப் பலகையைப் பார்த்தாள். வெர்னெட்டாவின் கோடுகள் மற்ற எல்லோரையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே போனாள். படப் புத்தகத்தை விரிக்கக்கூட இல்லை.

"கோப்பையைப் பத்தி யோசிச்சியா?"

"யோசிக்காம இருப்பேனா."

"அன்னிக்கு மட்டும் உடம்பு சரியில்லைன்னு படுத்துட்டா?"

"அன்னிக்குத்தானே ஆன்ட்டி கவாத்துக்குப் பேர் எடுக்கறாங்க. படுத்தா அப்படியே படுக்க வேண்டியதுதான்."

"மாத்திரை சாப்பிடறேன், குடிக்கக் கூடாதுன்னு சொல்லேன்."

"என்ன மாத்திரைன்னு கேப்பாங்க. இந்தப் பள்ளத்தாக்குல குடிக்காத பொம்பளைன்னா ரெண்டே வகைதான். சபையில சேர்ந்தவ, இல்லேன்னா மாசமா இருக்கறவ."

"சபையில சேர்ந்துட்டேன்னு சொல்லு."

"ஞாயித்துக்கிழமை எவ என்னைச் சபைத் தொப்பியோட பார்த்தா?" என்று வெர்னெட்டா சிரித்தாள். "நம்பினாலும் ஹெண்ட்ரிகோ சிரிச்சே காட்டிக் குடுத்துடுவான்."

மெர்லினா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மெதுவாப் பறி."

வெர்னெட்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பாடுகிறவளிடம் குரலை விழுங்கு என்று சொன்னது போல இருந்தது அந்தப் பார்வை. "மெதுவான்னா எப்படி? கை அதுபாட்டுக்குப் போகுது ஆன்ட்டி. நான் எங்க பறிக்கறேன்."

"சோஃபி உனக்கு அடுத்தாப்ல இருக்கா. அவ முந்தட்டும். அவளுக்குக் கோப்பைன்னா உசுரு."

சோஃபி என்பவள் ஐம்பதை நெருங்குகிறவள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். வெர்னெட்டா ஒப்புக்கொண்டாள். மறுநாளிலிருந்து வரிசை நடுவில் நின்று தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள், கத்தரியைத் தீட்டினாள், தண்ணீர் குடிக்க இரண்டு தடவை போனாள். மேஸ்திரி அடோனிஸ், "என்ன வெர்னெட்டா, கை தேய்ஞ்சுபோச்சா?" என்று கேட்டார். "வெயில் அங்கிள்," என்றாள். சோஃபியின் கோடுகள் ஏறி வந்தன. கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை இருவரும் சமம். புதன்கிழமை சோஃபி முந்திவிட்டாள். அன்று அவள் வரிசையின் மறு முனையிலிருந்து, "ஏய் நெட்டை, தூசி தெரியுதா? அது நான் போன வழி," என்று கத்தினாள். சாயங்காலம் அதைச் சொல்லி வெர்னெட்டா சிரித்தாள். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷமாக யாரும் சிரித்து மெர்லினா பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில், வேகமாகப் பறிக்கிற அவசரத்தில், சோஃபி பழத்தோடு தன் பெருவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டாள். நான்கு தையல். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள்வரை பறிக்காதவருக்குக் கோப்பை கிடையாது. மூன்றாவதாக இருந்தவன் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தான். வெர்னெட்டா அன்று வரிசையில் உட்கார்ந்தே இருந்திருந்தாலும் முதலிடம் அவளுடையதுதான்.

மெர்லினா மேஸ்திரியைத் தேடிப் போனாள். அடோனிஸ் அவளுடைய அப்பாவின் சிநேகிதர். கொட்டகையில் டிராக்டருக்குக் கீழே படுத்திருந்தார்.

"அங்கிள், ஒரு யோசனை. இந்த வருஷம் கோப்பையில திராட்சை ரசம் ஊத்தினா என்ன? புதுப் பழத்து ரசம். கிளினிக்குல சந்தோஷப்படுவாங்க. முதலாளிதான் சுவரொட்டிக்கெல்லாம் இடம் குடுக்கறாரே."

அடோனிஸ் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைக் கதவில் அந்தச் சுவரொட்டி இருந்தது. ஒரு வயிறு, பக்கத்தில் குறுக்கே கோடு போட்ட கண்ணாடிக் கோப்பை.

"ரசமா? ரசம் குடிக்கவா சனம் மூணு மாசம் முதுகொடிய வேலை செஞ்சுது? எங்க தாத்தா காலத்துக் கோப்பைம்மா அது. முதலாளியே மாத்தணும்னாலும் நாங்க விடமாட்டோம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்கறே? எங்க பொண்ணுங்கள்ல யாராவது மாசமா இருக்காளா? பேரைச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கறேன் என்பதற்கு அந்தத் தோட்டத்தில் இரண்டு அர்த்தமும் உண்டு. கோப்பையை வேறு ஒருவருக்குத் திருப்பிவிடுவார் என்றும் இருக்கலாம். கவாத்துப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போகும் என்றும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், அவரும் நல்லதுதான் செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கலாம். மெர்லினா அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவள். எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இல்ல அங்கிள். பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவான்னா சரி," என்று அடோனிஸ் மறுபடி டிராக்டருக்குக் கீழே போய்விட்டார்.

மேட்டுக்குப் போய் நடந்ததை வெர்னெட்டாவிடம் சொன்னாள். "நீ சரின்னு சொன்னா நான் போய்ச் சொல்லிடறேன். நீதான் முடிவு பண்ணணும்."

வெர்னெட்டா வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே அவள் பெண் வேறொரு பிள்ளையோடு கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. "போன வருஷம் மாசமா இருந்த ரீட்டா சொன்னா, அடோனிஸ் அங்கிள் நல்லவரு, அவர்கிட்டயே சொல்லிட்டேன்னு. அவ இப்ப எங்க இருக்கா? அக்கா வீட்டுல, அக்கா புருஷன் பேச்சை வாங்கிக்கிட்டு. வேணாம் ஆன்ட்டி. நான் பார்த்துக்கறேன். உதட்டுல வெச்சுட்டு எடுத்துடுவேன்."

உதட்டில் வைத்துவிட்டு எடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று ஓய்ந்து வெயில் நல்ல பதமாக இருந்தது. மெர்லினா கனலடியில் நின்று கம்பி வலைமேல் ரொட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அந்த வேலை அவளுடையதுதான், ரொட்டி அவள் கையில் கருகாது. ஈவன் மாவுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். டிராக்டர் ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவன் ஹெண்ட்ரிகோ, தலையில் கொடி சுற்றியிருந்தான். பின்னால் பெட்டிமேல் வெர்னெட்டா, தளர்ந்த மஞ்சள் சட்டையில். கூட்டம் கை தட்டிற்று. முதலாளி நல்ல மனிதர், இளைஞர். நாலு வார்த்தை நன்றாகப் பேசினார். யாருக்கும் அடிபடாமல் முடிந்ததற்கு நன்றி சொன்னார். உடனே சோஃபி கட்டுப் போட்ட பெருவிரலை உயர்த்திக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கோப்பையை நிரப்பினார்.

வெர்னெட்டா அதை வாங்கி உதட்டில் வைத்தாள். ஒரு வாய். கீழே இறக்கினாள்.

"என்னடி இது, கோழி தண்ணி குடிக்கற மாதிரி?" என்றாள் சோஃபி. "எனக்குச் சேர வேண்டியது அது. குடிக்கத் தெரியலேன்னா இங்க குடு."

"சொட்டு, சொட்டு," என்று பின்னாலிருந்து சில ஆண்கள் ஆரம்பித்தார்கள். கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கை தட்டலோடு அது ஒரு தாளமாயிற்று. ஈவனும் சேர்ந்து தட்டினான், தட்டிலிருந்த மாவு கீழே சிதறிற்று. மேஸ்திரி அடோனிஸ் மட்டும் தட்டாமல் வெர்னெட்டாவையே பார்த்தார். பிறகு திரும்பி மெர்லினாவைப் பார்த்தார்.

வெர்னெட்டாவும் அப்போது மெர்லினாவைத்தான் பார்த்தாள், கூட்டத்துக்கு மேலாக, பெட்டியின் உயரத்திலிருந்து. மெர்லினா கையில் கரண்டியோடு நின்றாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவளுடையது இல்லை. ரொட்டியைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது, வெர்னெட்டாவின் தலை பின்னால் சாய்ந்திருந்தது, தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோப்பையைப் பழத்தின்மேல் கவிழ்த்தாள். சொட்டு விழவில்லை. அடுத்த வருஷத்துப் பழம் பிழைத்தது என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

பெயர் எடுத்தார்கள். கவாத்துக்கு முதல் பெயராக அவளுடையது வந்தது.

அது ஒரு கோப்பையோடு நின்றிருந்தால் மெர்லினா அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஹெண்ட்ரிகோ பெருமை தாங்காமல் தன் குவளையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டரை மாதம் ஒதுக்கி வைத்திருந்த உடம்புக்கு அந்த முதல் சூடு போதுமானதாக இருந்தது. மெர்லினா ஒரு தட்டில் ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு அவளருகே போய் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு. அப்புறம் ரெண்டு பேருமா மேட்டுக்கு நடந்து போகலாம். உம் பொண்ணு காத்துட்டிருக்கும்."

"விடுங்க ஆன்ட்டி. முடிஞ்சுபோச்சு. ஒண்ணு உள்ள போயாச்சு, இனிமே பத்து போனா என்ன?"

"இல்லம்மா. ஒண்ணு வேற, பத்து வேற. இப்ப நிறுத்தினாலும் நிறுத்தினதுதான்."

"அதை அங்க நிக்கறப்பச் சொல்லியிருக்கணும்," என்றாள் வெர்னெட்டா மெதுவாக. கோபம்கூட இல்லை அதில்.

"ஏ க்ரீம்காரி, இன்னிக்குமா வியாபாரம்?" என்று யாரோ கத்தினார்கள். "பெட்டிமேல உக்காந்தவளுக்கு இன்னிக்கு எந்த க்ரீமும் வேணாம், விடு."

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது. போனாலும் மறுநாள் சனிக்கிழமை இருக்கிறது, அதற்கு மறுநாள் இருக்கிறது. மெர்லினா தட்டை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்து, ஈவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அந்தக் கதவு ஏப்ரல், மே முழுவதும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்கும். அவள் பெண் மட்டும் வெளியே வந்து, "அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு ஓடும். வெள்ளிக்கிழமைகளில் வட்டத்தில் வெர்னெட்டாவின் குவளையில் இருப்பது தேயிலை இல்லை என்று தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. மேலதிகாரியிடம் மெர்லினா எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். மெர்லினாவுக்கு அதைக் கேட்டபோது, தப்பு செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றிற்று. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.

ஜூனில், அந்தப் பள்ளத்தாக்கின் குளிர்காலத்தில், கவாத்து நடுவில், ஏணியிலிருந்து இறங்கும்போது குளிர்காற்று வெர்னெட்டாவின் சட்டையை உடம்போடு ஒட்டிற்று. அடோனிஸ் பார்த்துவிட்டார். உடனே அவளைக் கீழே குச்சி பொறுக்கும் வேலைக்கு மாற்றினார். அன்று சாயங்காலம் தோட்டத்து வாயிற்கதவில் மெர்லினாவை நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் கேட்டேன் இல்ல உன்னை?"

"கேட்டீங்க."

"சொல்லியிருந்தா கோப்பையை வேற எவனுக்காவது குடுத்திருப்பேனே."

"கவாத்துக்கு அவ பேரைச் சேர்த்திருப்பீங்களா அங்கிள்?"

அடோனிஸ் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "அதை இப்ப எப்படிச் சொல்றது," என்றார். பொய் சொல்லவில்லை என்பதற்காகவாவது மெர்லினா அவரை மதித்தாள்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு மறைக்க ஒன்றும் இல்லாமல் போனது. ஹெண்ட்ரிகோ உண்மையாகவே நாய்வரைக்கும் சொன்னான். வெள்ளிக்கிழமை வட்டத்தில் சோஃபியே, "மாசமா இருக்கறவளுக்கு ஊத்தாதீங்கடா," என்று அதட்டினாள். ஜூன் கடைசியில் வெர்னெட்டா கதவைத் திறந்தாள். மெர்லினா உள்ளே போய் உட்கார்ந்தாள். இருவரும் மார்ச் மாதத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைசி வாரங்களில் அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஒன்று இரண்டு முறை அழுதாள், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஆண் பிள்ளை. எடை கொஞ்சம் குறைவு, குளிர்காலப் பிள்ளைகள் பல அப்படித்தான் என்றாள் கிளினிக் சிஸ்டர். பத்தாம் நாள் மெர்லினா போனபோது வெர்னெட்டா படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை அவிழ்த்து மெர்லினாவின் மடியில் வைத்தாள். கை, கால், விரல்கள், முகம். மெர்லினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி. நீங்க எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கீங்க. நல்லா இருக்கானா?"

மெர்லினா பிள்ளையைப் பார்த்தாள். மூடிய இமை, சுருங்கிய நெற்றி, புதிதாய்ப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு கிழவனின் முகம். பயிற்சியில் காட்டிய, மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள் நினைவுக்கு வந்தன. மேல் உதடு, கண்ணின் அகலம், மூக்கின் அடி. எதைப் பார்த்தாலும் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"பால் குடிக்கறானா?"

"குடிக்கறான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"எனக்குத் தெரியல வெர்னெட்டா. யாருக்கும் தெரியாது. நடக்கும்போது கொஞ்சம் தெரியும். பேசும்போது கொஞ்சம். பள்ளிக்கூடத்துல விட்டதுக்கு அப்புறம்தான் சரியாத் தெரியும்."

"அப்ப ஆறு வருஷம் இவனையே பார்த்துட்டு இருக்கணுமா? ஒவ்வொரு நாளும்? கீழே விழுந்தா, இது அதனாலயா. ஒரு வார்த்தை மறந்தா, இது அதனாலயா."

"ஆமா."

வெர்னெட்டா தலையாட்டினாள். வேறு பதிலை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை போலிருந்தது. பிள்ளை தும்மிற்று. இருவரும் ஒரே சமயத்தில் கை நீட்டித் துணியை இழுத்து அவனைப் போர்த்தினார்கள்.